அமெரிக்க மருத்துவக் கல்லூரி வெயிட்லிஸ்ட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் எம்.டி. படிப்புக்கு விண்ணப்பித்து, இன்டர்வியூவும் முடித்த பிறகு, "உங்களைக் காத்திருப்புப் பட்டியலில் வைத்திருக்கிறோம்" என்று மின்னஞ்சல் வந்தவர்களுக்கும் அவர்களைப் பெற்றவர்களுக்குமான பக்கம் இது. அங்கே எம்.டி. என்பது நம் ஊர் எம்.பி.பி.எஸ். இருக்கும் இடத்தில் உள்ள படிப்பு. நான்கு வருடக் கல்லூரிப் பட்டத்துக்குப் பிறகு அதில் சேர்கிறார்கள். ஆண்டுதோறும் ஏறத்தாழ 52,000 பேர் விண்ணப்பித்து, 23,000 பேர் அளவுக்குச் சேர்கிறார்கள். விண்ணப்பிக்கும்போது படிப்பதற்கு எவ்வளவோ இருக்கிறது. வெயிட்லிஸ்டில் விழுந்த பிறகு என்ன செய்வது என்பதைத்தான் பலரும் வதந்திகளிலிருந்து கற்றுக்கொள்கிறார்கள்.

வெயிட்லிஸ்ட் என்றால் மரியாதையாக "இல்லை" என்று சொல்வதா?

இல்லை. வேண்டாம் என்று முடிவு செய்தால் நேரடியாக நிராகரித்துவிடுவார்கள். இன்டர்வியூ வரை வந்து இந்தப் பட்டியலில் இருப்பவர் அங்கே படிக்கத் தகுதியானவர் என்று குழு ஏற்றுக்கொண்டுவிட்டது. இடம் மட்டும்தான் இல்லை.

அந்த இடம் எப்படி உண்டாகிறது என்று புரிந்துகொண்டால் பதற்றம் பாதி குறையும். 150 இடம் உள்ள ஒரு கல்லூரி 150 பேருக்கு மட்டும் அழைப்புக் கொடுத்தால் வகுப்பு நிரம்பாது. நல்ல மாணவர்கள் கையில் மூன்று, நான்கு அழைப்பு இருக்கும், சேர்வது ஒன்றில்தான். அதனால் கல்லூரி தன் பழைய அனுபவத்தை வைத்து இருமடங்கு பேருக்குக்கூட அழைப்புக் கொடுக்கும். அந்தக் கணக்கு குறைவாகப் போனால் வெயிட்லிஸ்ட் நகரும். கூடுதலாகப் போனால் ஒருவர்கூட அழைக்கப்பட மாட்டார். அதே கல்லூரியில் ஒரு வருடம் நிறையப் பேரை எடுப்பார்கள், மறு வருடம் பட்டியலைத் தொடவே மாட்டார்கள். இரண்டுக்கும் உங்கள் மதிப்பெண்ணோடு சம்பந்தம் கிடையாது.

எல்லோரும் ஏப்ரல் 30, ஏப்ரல் 30 என்கிறார்களே, அன்றைக்கு என்ன நடக்கிறது?

அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளின் சங்கமான ஏ.ஏ.எம்.சி. வகுத்த நடைமுறைப்படி, பல அழைப்புகளை வைத்திருப்பவர் ஏப்ரல் 15-க்குள் அவற்றை மூன்றாகக் குறைக்க வேண்டும். ஏப்ரல் 30-க்குள் ஒன்றே ஒன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றை விட்டுவிட வேண்டும். நாடு முழுவதும் ஆயிரக்கணக்கான இடங்கள் ஒரே சமயத்தில் கைமாறும் நாள் அது. அதற்குப் பிறகுதான் கல்லூரிகளுக்குத் தங்கள் வகுப்பில் எத்தனை இடம் காலி என்று உறுதியாகத் தெரியும்.

பெரிய நகர்வு மே முதல் இரண்டு, மூன்று வாரங்களில் நடக்கும். பிறகு ஒரு சங்கிலி தொடங்குகிறது. ஒரு கல்லூரி தன் பட்டியலிலிருந்து ஒருவரை அழைக்கும். அவர் ஏற்கெனவே வைத்திருந்த இடம் வேறொரு கல்லூரியில் காலியாகும். அந்தக் கல்லூரி தன் பட்டியலைத் திறக்கும். சங்கிலியின் கடைசிக் கண்ணிகளில் இருக்கும் கல்லூரிகளுக்கு அலை வந்துசேர ஜூன் கடைசி, ஜூலைகூட ஆகிவிடும். மிகப் பெயர் பெற்ற கல்லூரிகளின் பட்டியல் முதலில் நகர்வதும், மற்றவை பின்னால் நகர்வதும் இதனால்தான். ஏப்ரல் நடுவில் ஃபோன் வரவில்லை என்று மனம் தளர்வதில் அர்த்தமில்லை. அப்போது யாருக்குமே பெரும்பாலும் வராது.

'பிளான் டு என்ரோல்', 'கமிட் டு என்ரோல்' இரண்டும் ஒன்றுதானே?

இல்லவே இல்லை. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டதால் நழுவிய வாய்ப்புகள் உண்டு.

எம்.டி. கல்லூரிகளுக்கான பொது விண்ணப்ப அமைப்பான ஆம்காஸ் வழியாக விண்ணப்பித்தவர்களுக்கு 'சூஸ் யுவர் மெடிக்கல் ஸ்கூல்' என்ற பகுதி பிப்ரவரி பிற்பாதியில் திறக்கும். அதில் 'பிளான் டு என்ரோல்' என்றால் "இப்போதைக்கு இங்கே சேர உத்தேசம்" என்று பொருள். அதை அழுத்தினாலும் மற்ற கல்லூரிகளின் வெயிட்லிஸ்டில் நீங்கள் தொடரலாம். 'கமிட் டு என்ரோல்' அப்படியல்ல. "இங்கேதான் சேர்கிறேன், மற்ற எல்லாவற்றிலிருந்தும் விலகுகிறேன்" என்ற உறுதிமொழி அது. மற்ற அழைப்புகளோடு வெயிட்லிஸ்ட் இடங்களையும் விட்டுவிட வேண்டும்.

கையில் ஓர் இடம் இருக்கிறது, மனம் விரும்பும் இன்னொரு கல்லூரியில் வெயிட்லிஸ்ட் என்றால், ஏப்ரல் 30 அன்று கையில் உள்ள கல்லூரிக்கு 'பிளான் டு என்ரோல்' மட்டும் போடுங்கள். 'கமிட்' செய்வதற்கு உங்கள் கல்லூரி தனியாக ஒரு கெடு நாள் சொல்லும். பல இடங்களில் அது வகுப்போ, அதற்கு முந்தைய அறிமுக நிகழ்ச்சியான ஓரியன்டேஷனோ தொடங்குவதற்குச் சுமார் மூன்று வாரம் முன்பு இருக்கும். அந்த நாளைக் காலண்டரில் குறித்துவையுங்கள். ஆர்வத்தில் மே மாதமே அழுத்திவிட வேண்டாம்.

பட்டியலில் நான் எத்தனையாவது என்று கேட்கலாமா?

கேட்கலாம், ஒரே ஒரு முறை, மரியாதையாக. சில கல்லூரிகள் வரிசை எண்ணைச் சொல்கின்றன. சில, மேல் அடுக்கு, நடு அடுக்கு என்று பிரித்துச் சொல்லும். பெரும்பாலானவை வரிசைப்படுத்துவதே இல்லை. காலியான இடத்துக்கு யார் பொருந்துகிறார் என்று அப்போது பார்த்து எடுப்பார்கள். மாநிலப் பல்கலைக்கழகம் என்றால் விலகியவர் உள்மாநிலத்தவரா, வெளிமாநிலத்தவரா என்பதே முடிவை மாற்றும். ஏ.ஏ.எம்.சி.யின் எம்சார் தரவுத்தளத்தில் (சந்தா கட்ட வேண்டும்) பல கல்லூரிகளின் வெயிட்லிஸ்ட் நடைமுறையும் இருக்கும். அதைப் பார்த்துவிட்டுக் கேளுங்கள்.

வரிசை எண் தெரிந்தாலும் அதை வைத்துக் கணக்குப் போட முடியாது. பட்டியலில் உங்களுக்கு முன்னால் இருக்கும் பலர் ஏற்கெனவே வேறு இடத்தில் சேர முடிவு செய்திருப்பார்கள். பெயரை மட்டும் எடுத்திருக்க மாட்டார்கள்.

மின்னஞ்சல் வந்த அன்றைக்கே செய்ய வேண்டியது என்ன?

அதை இரண்டு முறை, நிதானமாகப் படியுங்கள். மூன்று விஷயங்களைத் தேட வேண்டும். முதலாவது, பட்டியலில் தொடர விரும்புகிறீர்களா என்று போர்ட்டலில் 'ஆம்' சொல்ல வேண்டுமா? நிறையக் கல்லூரிகள் இதைக் கேட்கின்றன, கெடுவும் உண்டு. சொல்லாமல் விட்டால் சத்தமில்லாமல் பெயர் நீங்கிவிடும். இரண்டாவது, புதிய தகவல்களை ஏற்பார்களா, ஏற்றால் எந்த வழியாக: போர்ட்டலா, மின்னஞ்சலா? மூன்றாவது, "தயவுசெய்து எதுவும் அனுப்ப வேண்டாம்" என்று எழுதியிருக்கிறதா? எழுதியிருந்தால் அனுப்பவே கூடாது. அறிவுரையைப் படிக்காதவர் என்ற பெயர்தான் மிஞ்சும்.

அதோடு, விண்ணப்பத்தில் கொடுத்த கைபேசி எண்ணும் மின்னஞ்சலும் இன்னும் செயலில் இருக்கின்றனவா என்று பாருங்கள். பட்டம் முடிந்ததும் சில பல்கலைக்கழகங்கள் மாணவர் மின்னஞ்சலை முடக்கிவிடும். அதுவே விண்ணப்ப முகவரியாக இருந்தால் உடனே மாற்றுங்கள்.

லெட்டர் ஆஃப் இன்டென்ட் எழுதினால் பலன் உண்டா? எப்படி எழுதுவது?

"அழைத்தால் கட்டாயம் சேர்வேன்" என்று ஒரு கல்லூரிக்கு எழுதும் உறுதிக் கடிதம் இது. பலன் உண்டு, மூன்று நிபந்தனைகளோடு: கல்லூரி அதை ஏற்க வேண்டும், கடிதம் உண்மையாக இருக்க வேண்டும், சரியான நேரத்தில் போய்ச் சேர வேண்டும்.

இது என்ன செய்கிறது என்று முதலில் சொல்லிவிடுகிறோம். மே மாதத்தில் அட்மிஷன் அலுவலகத்துக்கு ஒரு இடம் காலியானால், அதை விரைவாகவும் நிச்சயமாகவும் நிரப்பியாக வேண்டும். ஒரே தகுதியுள்ள பத்துப் பேரில், அழைத்தால் கட்டாயம் வருவார் என்று தெரிந்தவரை அழைப்பது அவர்களுக்குச் சுலபம். உங்கள் கடிதம் கொடுப்பது அந்த நிச்சயத்தைத்தான். பலவீனமான விண்ணப்பத்தை அது தூக்கி நிறுத்தாது.

"அழைத்தால் வேறு யோசனையின்றிச் சேர்வேன்" என்ற வாக்கை ஒரே ஒரு கல்லூரிக்குத்தான் கொடுக்க முடியும். சட்டப்படி அது கட்டுப்படுத்தாது என்பது உண்மை. ஆனாலும் கொடுத்த வாக்கு வாக்குதான். இரண்டு கல்லூரிகளுக்கு ஒரே உறுதிமொழியை அனுப்புவது பொய். அட்மிஷன் அலுவலர்கள் ஒருவருக்கொருவர் பழக்கமுள்ள சிறிய வட்டம் என்பது தனிக் கவலை. மருத்துவராகப் போகிறவர் முதல் கடிதத்திலேயே பொய் சொல்லக் கூடாது. இரண்டாம், மூன்றாம் விருப்பக் கல்லூரிகளுக்கு லெட்டர் ஆஃப் இன்டரஸ்ட் எழுதலாம். "மிகவும் விரும்புகிறேன்" என்று அதில் சொல்வீர்கள், "கட்டாயம் வருவேன்" என்று சொல்ல மாட்டீர்கள்.

நீளம் ஒரு பக்கத்துக்குள், நான்கு பத்தி. முதல் பத்தியின் முதல் இரண்டு வரிகளுக்குள் உறுதிமொழி வந்துவிட வேண்டும். பெயர், ஆம்காஸ் எண், இன்டர்வியூ தேதி ஆகியவை தலைப்பிலேயே இருக்கட்டும். இரண்டாம் பத்தி, ஏன் இந்தக் கல்லூரி என்பதற்கு. "உலகத் தரமான ஆராய்ச்சி, பன்முகத் தன்மை" என்று எழுதினால் அதை எந்தக் கல்லூரிக்கும் அனுப்பலாம். எனவே எங்கேயும் எடுபடாது. அங்கே மாணவர்கள் நடத்தும் இலவச கிளினிக்கில் எந்த நோயாளிகள் வருகிறார்கள், நீங்கள் இரண்டு வருடம் செய்த வேலை அதோடு எங்கே சேர்கிறது என்று எழுதுங்கள். இன்டர்வியூ அன்று ஒரு மாணவர் முதல் வருடத்திலேயே நோயாளிகளைப் பார்க்கத் தொடங்குவதைப் பற்றிச் சொன்னார் என்றால் அதைச் சொல்லுங்கள். மூன்றாம் பத்தியில் இன்டர்வியூவுக்குப் பிறகு நடந்த புதிய விஷயங்கள் மட்டும். நான்காவது, நன்றியும் தொடர்பு எண்ணும்.

நேரம்: ஏப்ரல் நடுவிலிருந்து கடைசிக்குள் போய்ச் சேர்ந்தால், மே முதல் வாரத்தில் கோப்பைத் திறக்கும்போது கடிதம் மேலே இருக்கும். ஜனவரியில் வெயிட்லிஸ்ட் ஆனவர் அன்றே இதை எழுதினால், தேவைப்படும் சமயத்தில் அது பழையதாகியிருக்கும். அப்போது ஒரு சிறு நன்றிக் குறிப்பு போதும்.

அனுப்பும் முன் கல்லூரியின் பெயரை வாய்விட்டுப் படித்துச் சரிபாருங்கள். ஒரு கல்லூரிக்கு எழுதியதை நகலெடுத்துத் திருத்தும்போது மூன்றாம் பத்தியில் பழைய பெயர் நின்றுபோவது அடிக்கடி நடக்கும் விபத்து. அந்தக் கடிதத்துக்கு மீட்சியே கிடையாது.

எதைப் புதிய தகவல் என்று அனுப்பலாம்?

முடிந்த செமஸ்டரின் மதிப்பெண், வெளியான அல்லது ஏற்கப்பட்ட ஆய்வுக் கட்டுரை, புதிய வேலை அல்லது பொறுப்பு, பெற்ற விருது, தொடர்ந்து செய்யும் மருத்துவமனைப் பணியில் கூடிய மணிநேரமும் அதில் உங்கள் வேலை எப்படி மாறியது என்பதும். "கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன்", "ஒரு நாள் மருத்துவ முகாமில் கலந்துகொண்டேன்" என்பவற்றை அனுப்பாமல் இருப்பது நல்லது.

ஏப்ரலில் ஒன்று, ஜூன் முதல் பாதியில் இன்னொன்று. இதற்கு மேல் அனுப்ப உண்மையிலேயே பெரிய செய்தி இருக்க வேண்டும். வாரம் ஒரு மின்னஞ்சல் அனுப்புபவரின் பெயர் அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரிந்திருக்கும், ஆனால் நீங்கள் விரும்பும் காரணத்துக்காக அல்ல.

மருத்துவக் கல்லூரி நுழைவுத் தேர்வான எம்காட் மறுபடி எழுதலாமா என்றும் கேட்கிறார்கள். வெயிட்லிஸ்டுக்காக மட்டும் எழுத வேண்டாம். பெரும்பாலும் அது இந்த ஆண்டின் முடிவை மாற்றாது. அடுத்த சுற்றுக்காக எழுதுவது வேறு கணக்கு, அதைக் கீழே பார்ப்போம்.

தெரிந்த டாக்டர் அங்கிள் அந்தக் கல்லூரியில் படித்தவர். சிபாரிசு செய்யச் சொல்லலாமா?

பிள்ளையை மருத்துவமனையிலோ ஆய்வகத்திலோ நேரடியாக மேற்பார்த்தவராக இருந்து, கல்லூரி கூடுதல் கடிதங்களை ஏற்பதாகச் சொல்லியிருந்தால் மட்டும் கேளுங்கள். "இந்தக் குடும்பத்தை இருபது வருடமாக எனக்குத் தெரியும்" என்று தொடங்கும் கடிதம், எழுதியவர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும், கோப்பில் எடையற்றுக் கிடக்கும். செல்வாக்கைக் காட்டும் தொலைபேசி அழைப்பு கெடுதலே செய்யும்.

அம்மா, அப்பா அட்மிஷன் அலுவலகத்துக்கு ஃபோன் செய்வதும் அப்படித்தான். அக்கறையில் செய்வது என்று நமக்குத் தெரியும். எதிரே இருப்பவர் "தன் காரியத்தைத் தானே பேசத் தெரியாதவர் நோயாளியிடம் எப்படிப் பேசுவார்" என்றுதான் யோசிப்பார். பெற்றோர் செய்யக்கூடிய பெரிய உதவி வேறு இருக்கிறது: தடுப்பூசிச் சீட்டுகளைத் தேடி எடுப்பது, பணக் கணக்கைத் தயாராக வைப்பது, வீட்டுக்கு வரும் சொந்தக்காரர்கள் "இன்னும் கிடைக்கலையா?" என்று பிள்ளையிடம் கேட்பதைத் தடுப்பது. கடைசியானது சின்ன விஷயமல்ல.

ஃபோன் வந்தால் என்ன பேச வேண்டும்? எவ்வளவு நேரம் தருவார்கள்?

ஏப்ரல் 30-க்குப் பிறகு வரும் அழைப்புக்குப் பொதுவாகக் குறைந்தது ஐந்து வேலை நாள் அவகாசம். ஓரியன்டேஷன் நெருங்க நெருங்க அது இரண்டு நாளாகக் குறையும். கடைசி நேரத்தில் அன்றைக்கே பதில் எதிர்பார்ப்பவர்களும் உண்டு. அதனால் மே முதல் ஆகஸ்ட் வரை தெரியாத எண்ணிலிருந்து வரும் எந்த அழைப்பையும் எடுங்கள். குரலஞ்சல் பெட்டி நிரம்பி வழியக் கூடாது. 'தெரியாத எண்களைத் தடு' என்ற அமைப்பு கைபேசியில் இருந்தால் நிறுத்துங்கள். ஸ்பேம் பெட்டியைத் தினமும் பாருங்கள். இந்தியாவுக்குப் போவதென்றால் அந்த எண் இங்கே வேலை செய்யுமா என்று உறுதி செய்துகொண்டு, பயணத் தேதிகளைக் கல்லூரிக்கு ஒரு வரியில் தெரிவித்துவிடுங்கள். நள்ளிரவில் ஒலிக்கும் ஃபோனை எடுக்கும் பழக்கமும் வேண்டியிருக்கும்.

அழைப்பு வந்ததும் மகிழ்ச்சியில் தலை வேலை செய்யாது. கேட்க வேண்டியதை முன்பே ஒரு தாளில் எழுதிக் கைபேசி அருகே வையுங்கள்: எந்த நாள், எந்த மணிக்குள், எந்த நேர மண்டலப்படி பதில் சொல்ல வேண்டும்? எழுத்தில் எப்போது வரும்? ஏற்பதைப் போர்ட்டலில் சொல்வதா, கையெழுத்திட்ட கடிதமா? டெபாசிட் எவ்வளவு? உதவித்தொகை, கடன் விவரம் அந்தக் கெடுவுக்குள் கிடைக்குமா, யாரிடம் கேட்பது? ஓரியன்டேஷன் எந்த நாள்? மருத்துவச் சான்றுகளுக்குக் கெடு எது? பேசியவரின் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள்.

லெட்டர் ஆஃப் இன்டென்ட் கொடுத்த கல்லூரி என்றால் அந்த அழைப்பிலேயே "வருகிறேன்" என்று சொல்லிவிடுங்கள். வாக்குக் கொடுத்தாயிற்று.

வேறு இடம் கையில் இருந்தால் வரிசை முக்கியம். முதலில் புதிய அழைப்பு எழுத்தில் வர வேண்டும். அடுத்து அதை ஏற்று, ஏற்றதற்கான உறுதி மின்னஞ்சலைப் பெற வேண்டும். அதன் பிறகு, அதே நாளில், பழைய கல்லூரிக்கு எழுத்தில் விலகல் கொடுத்து 'சூஸ் யுவர் மெடிக்கல் ஸ்கூல்' பகுதியையும் மாற்ற வேண்டும். ஃபோனில் சொன்னதை நம்பிப் பழைய இடத்தை முதலில் விட்டுவிடக் கூடாது. இரண்டையும் வாரக்கணக்கில் பிடித்துவைத்திருக்கவும் கூடாது. நீங்கள் விடும் இடத்துக்காக அங்கே இன்னொருவர் ஃபோனைப் பார்த்தபடி இருக்கிறார்.

முன்கூட்டியே எதையெல்லாம் தயார் செய்து வைக்கலாம்?

ஜூலை கடைசியில் அழைக்கப்பட்டால், மற்றவர்கள் ஆறு மாதத்தில் செய்ததைப் பத்து நாளில் செய்ய வேண்டியிருக்கும். அதிகம் சிக்கல் தருவது தடுப்பூசிதான். ஹெபடைடிஸ் பி மூன்று ஊசி முறையில் முடிய ஆறு மாதம் ஆகும். ஊசி போட்டிருந்தால் மட்டும் போதாது. இரத்தத்தில் எதிர்ப்புப் பொருள் இருக்கிறதா என்ற டைட்டர் சோதனையும் கேட்பார்கள். சிறுவயதில் போட்டவர்களுக்கு அது சில சமயம் போதுமான அளவு காட்டாது, மறுபடி ஊசி போட வேண்டிவரும். எனவே ஏப்ரலிலேயே சோதித்துவிடுங்கள். தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லாவுக்கான எம்.எம்.ஆர். இரண்டு தவணை, சின்னம்மை இரண்டு தவணை அல்லது டைட்டர், பத்து வருடத்துக்குள் போட்ட டிடாப் (டெட்டனஸ், டிப்தீரியா, கக்குவான் இருமலுக்கான ஊசி) ஆகியவையும் வேண்டும்.

இந்தியாவிலோ இலங்கையிலோ பிறந்தவர்கள் கவனிக்க: குழந்தையில் பி.சி.ஜி. போட்டிருந்தால் காசநோய்க்கான தோல் சோதனை தவறாகப் பாசிட்டிவ் காட்டக்கூடும். இக்ரா என்னும் இரத்தப் பரிசோதனையைக் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். தோல் சோதனை பாசிட்டிவ் ஆகி, அதன் பின் எக்ஸ்ரே, மருத்துவர் கடிதம் என்று அலைவது மிச்சமாகும்.

படித்த எல்லாக் கல்லூரிகளின் அதிகாரபூர்வ மதிப்பெண் பட்டியலையும் எடுக்க வேண்டும். கோடையில் ஒரே ஒரு பாடம் படித்த கம்யூனிட்டி காலேஜையும் மறக்கக் கூடாது. நூலகக் கட்டணம் பாக்கி இருந்தாலும் சில இடங்களில் மதிப்பெண் பட்டியலை நிறுத்திவைப்பார்கள். குற்றப் பின்னணிச் சோதனைக்கான மின்னஞ்சல் வந்தால் தாமதிக்காமல் முடியுங்கள். வீட்டு வாடகை ஒப்பந்தம் போடுவதாக இருந்தால், இடையில் விலக என்ன அபராதம், வேறொருவருக்கு மாற்றிவிடலாமா என்று படித்துப் போடுங்கள்.

வெயிட்லிஸ்டிலிருந்து வந்தால் உதவித்தொகை கிடைக்காதா?

மெரிட் உதவித்தொகை பெரும்பாலும் முதலில் வந்தவர்களுக்குப் போயிருக்கும். தேவை அடிப்படையிலான உதவியைக் கேட்க வேண்டும். அதற்கு அரசு நிதி உதவிக்கான விண்ணப்பமான ஃபாஃப்சா படிவத்தில் அந்தக் கல்லூரியின் குறியீடும் இருக்க வேண்டும். 20 கல்லூரிகள் வரை சேர்க்கலாம் என்பதால் வெயிட்லிஸ்டில் உள்ள எல்லாவற்றையும் இப்போதே சேர்த்துவிடுங்கள். அரசுக் கடனுக்கு மருத்துவ மாணவர் சுதந்திரமானவராகவே கருதப்படுவார். ஆனால் கல்லூரியின் சொந்த நிதி உதவிக்குப் பல இடங்களில் பெற்றோரின் வருமான விவரமும் வேண்டும். தர மறுத்தால் அந்த உதவி கிடையாது.

கடன் விதி மாறியிருப்பதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்குவோருக்கு, பட்டத்துக்கு மேல் படிப்பவர்களுக்கான அரசுக் கடனான கிராட் பிளஸ் இல்லை. மருத்துவம் போன்ற தொழிற்படிப்புக்கு அரசுக் கடன் ஆண்டுக்கு 50,000 டாலர், மொத்தம் 2,00,000 டாலர் என்பது உச்சவரம்பு. பல தனியார் கல்லூரிகளில் வாழ்க்கைச் செலவோடு சேர்த்து ஆண்டுக்கு 90,000 டாலரைத் தாண்டுகிறது. இடைவெளியைத் தனியார் கடனால் நிரப்ப வேண்டுமென்றால் பெரும்பாலும் உடன் கையெழுத்திட ஒருவர் தேவை, ஒப்புதலுக்கு வாரக்கணக்கில் ஆகலாம். "கையெழுத்துப் போட முடியுமா, எவ்வளவு வரை?" என்ற பேச்சை வீட்டில் மே மாதத்துக்கு முன்பே பேசி முடியுங்கள். ஐந்து நாள் கெடுவுக்குள் அந்தப் பேச்சை முதன்முறையாகத் தொடங்கும் குடும்பங்கள் படும் அவதி மிகப் பெரிது.

எச்-4 விசாவில் வளர்ந்தவர். தனியாக ஏதாவது பார்க்க வேண்டுமா?

ஆம். கிரீன் கார்டு இருந்தால் சேர்க்கைக்கும் அரசுக் கடனுக்கும் குடிமக்களைப் போலவே. எச்-1பி வேலை விசாவில் இருப்பவரின் பிள்ளைக்குக் கிடைக்கும் எச்-4 சார்பு விசா 21 வயதில் முடிந்துவிடும். பெரும்பாலும் எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாறியிருப்பார்கள். ஐந்து வயதிலிருந்து அங்கேயே படித்திருந்தாலும் கல்லூரியின் கண்ணில் அவர் வெளிநாட்டு மாணவர். வெளிநாட்டு மாணவர்களை எடுக்கும் மருத்துவக் கல்லூரிகள் குறைவு. எடுக்கும் சில கல்லூரிகள் ஒரு வருடம் முதல் நான்கு வருடம் வரையிலான செலவுக்குப் பணம் இருப்பதை முன்கூட்டியே காட்டச் சொல்லும். வெயிட்லிஸ்ட் அழைப்பு தாமதமாக வந்தால் மாணவர் விசாவுக்குக் கல்லூரி தரும் ஐ-20 படிவம், வெளிநாட்டு மாணவர்களுக்கான அரசுப் பதிவான செவிஸை மாற்றுவது எல்லாம் அவசரத்தில் நடக்க வேண்டும். வங்கிச் சான்று, பாஸ்போர்ட் காலாவதித் தேதி இரண்டையும் ஏப்ரலில் சரிபார்த்து, தற்போதைய கல்லூரியின் சர்வதேச மாணவர் அலுவலகத்திடம் "கோடையில் மாற்ற வேண்டிவரலாம்" என்று முன்பே சொல்லிவையுங்கள்.

டி.ஓ. கல்லூரியில் இடம் இருக்கிறது, எம்.டி. வெயிட்லிஸ்டில் இருக்கிறேன். டெபாசிட் கட்டலாமா?

கட்டுங்கள். டி.ஓ. (ஆஸ்டியோபதி மருத்துவப் பட்டம்) படித்தவரும் அமெரிக்காவில் முழு உரிமம் பெற்ற மருத்துவர்தான். கையில் உள்ள இடத்தை நிச்சயமில்லாத ஒன்றுக்காக விடக் கூடாது. டி.ஓ. கல்லூரிகளில் டெபாசிட் பெரும்பாலும் ஆயிரம் டாலருக்கு மேல், திரும்பி வராது. எம்.டி. பக்கம் 100 டாலர் அளவில், ஏப்ரல் 30 வரை திருப்பித் தரும் வழக்கம் இருப்பதால் இந்த வித்தியாசம் அதிர்ச்சியாக இருக்கும். அதைக் காப்பீட்டுச் செலவாக வைத்துக்கொள்ளுங்கள். டி.ஓ. விண்ணப்பம் வேறு அமைப்பின் வழியே போகிறது. எம்.டி. இடம் கிடைத்தால் ஆம்காஸில் மாற்றினால் மட்டும் போதாது, அந்த டி.ஓ. கல்லூரிக்குத் தனியாக எழுதி விலக வேண்டும்.

டெக்சாஸ் வேறு மாதிரி என்கிறார்களே?

அங்கே மாநிலத்துக்கென்று தனி விண்ணப்ப அமைப்பு. பிப்ரவரியில் மாணவர் விருப்ப வரிசையையும் கல்லூரி விருப்ப வரிசையையும் பொருத்தும் 'மேட்ச்' நடக்கும். அதில் கிடைக்காதவர்களைப் பிறகு பட்டியலிலிருந்து வகுப்பு தொடங்கும் வரை அழைப்பார்கள். அரசுக் கல்லூரிகளில் வெளிமாநிலத்தவர் 10 சதவீதத்துக்கு மேல் போக முடியாது என்பதால், வெளியே இருப்பவருக்கு அங்கே வெயிட்லிஸ்ட் வாய்ப்பு மெலிது.

அடுத்த வருடத்துக்கு இப்போதே விண்ணப்பிப்பதா, காத்திருப்பதா?

கையில் எந்த இடமும் இல்லையென்றால் இரண்டையும் ஒன்றாகச் செய்யுங்கள். ஆம்காஸ் மே தொடக்கத்தில் திறக்கும், மே கடைசியிலோ ஜூன் முதலிலோ சமர்ப்பிக்கலாம். "ஜூலை வரை பார்த்துவிட்டு" என்று தள்ளினால், சரிபார்ப்பு வரிசையில் வாரக்கணக்கில் நின்று, முதல் இன்டர்வியூ அழைப்புகள் போன பிறகுதான் உங்கள் கோப்பு போய்ச் சேரும். வெயிட்லிஸ்டில் இருந்துகொண்டே மறுபடி விண்ணப்பிக்கத் தடையில்லை. இடம் கிடைத்தால் புதிய விண்ணப்பத்தை விலக்கிக்கொள்ளலாம். கட்டிய கட்டணம் மட்டும் போகும்.

அதே விண்ணப்பத்தைத் தூசி தட்டி அனுப்பாதீர்கள். உங்களைப் பார்த்த கல்லூரிகளிடம் பழைய கோப்பு இருக்கும், பக்கத்தில் வைத்து ஒப்பிடுவார்கள். தன்விளக்கக் கட்டுரை புதிதாக எழுதப்பட வேண்டும். பரிந்துரைக் கடிதங்களில் ஒன்றாவது புதியவரிடமிருந்து வர வேண்டும். எம்காட் மறுபடி எழுதுவதென்றால் வரம்பு நினைவிருக்கட்டும்: ஒரே ஆண்டில் மூன்று, அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளில் நான்கு, வாழ்நாளில் ஏழு முறை. மதிப்பெண் எத்தனை ஆண்டு செல்லும் என்பதைக் கல்லூரிக்குக் கல்லூரி பார்க்க வேண்டும்; பலவற்றில் இரண்டு அல்லது மூன்று ஆண்டு.

ஓர் இடம் கையில் இருக்க, "இன்னும் நல்ல கல்லூரி" வேண்டும் என்று அதை விட்டுவிட்டு அடுத்த வருடம் முயல்வதை நாங்கள் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. அடுத்த சுற்றில் ஒரு இடம்கூடக் கிடைக்காமல் போகலாம்.

ஆகஸ்ட் வந்துவிட்டது. இனி வாய்ப்பு இருக்கிறதா?

அந்தக் கல்லூரியின் ஓரியன்டேஷன் தொடங்கும் வரை சிறிதளவு உண்டு. முதல் நாள் காலையில் ஒருவர் வராமல் போய், அன்றே இன்னொருவர் அழைக்கப்பட்டதும் நடந்திருக்கிறது. இவ்வளவு தாமதமாக வரும் அழைப்பை அடுத்த வருடத்துக்கு ஒத்திப்போடப் பெரும்பாலும் விட மாட்டார்கள். நீங்களே வேறு கல்லூரியில் ஓரியன்டேஷன் தொடங்கியிருந்தால் அதோடு முடிந்தது. மற்ற பட்டியல்களிலிருந்து விலகிவிடுங்கள்.

பட்டியல் மூடியதாக மின்னஞ்சல் வந்தால், நன்றி சொல்லி ஒரு வரியில் கேளுங்கள்: "விண்ணப்பத்தைப் பற்றிக் கருத்துச் சொல்ல நேரம் ஒதுக்க முடியுமா?" பல கல்லூரிகள் வெயிட்லிஸ்டில் இருந்தவர்களுக்குக் கோடையில் பதினைந்து, இருபது நிமிடம் ஒதுக்குகின்றன. அந்தப் பேச்சில் "ஏன் என்னை எடுக்கவில்லை" என்று வாதாட வேண்டாம். மூன்று கேள்வி போதும்: குழு தயங்கியது மதிப்பெண்ணிலா, அனுபவத்திலா, இன்டர்வியூவிலா? மறுபடி விண்ணப்பித்தால் எந்த மாற்றத்தை முதலில் பார்ப்பீர்கள்? எந்தக் கடிதம் பலவீனமாக இருந்தது என்று சொல்ல முடியுமா? மூன்றாவதற்குப் பதில் சொல்ல மாட்டார்கள், ஆனால் சிலர் "புதிய கடிதம் ஒன்று வாங்குங்கள்" என்பார்கள். அதுவே பதில்தான். அன்றே எழுதிவைத்துக்கொண்டு, அடுத்த சுற்றில் ஒவ்வொரு கல்லூரியும் தனியாகக் கேட்கும் செகண்டரி கட்டுரைகளைத் தொடங்கும் முன் அதை எடுத்துப் பாருங்கள்.